காசுக்கேற்ற தோசையும் கைக்கேற்ற ஸ்டீரிங்கும்

பிரெஞ்சுக்காரர்களிடம் 'ராப்போர் கலித்தே-ப்ரி' என்று ஒரு சொற்றொடர் உண்டு. தரத்துக்கும் விலைக்கும் உள்ள விகிதம் என்று பொருள். ஓட்டல் சாப்பாடு, வீட்டு வாடகை, செருப்பு, சைக்கிள் என்று எதைப் பற்றிப் பேச்சு வந்தாலும் இதைச் சொல்வார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த நாட்களில் இதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவன் நான். அப்பா காலமான பிறகு அம்மாவின் ஊரான அம்பாசமுத்திரத்துக்கு வந்து சேர்ந்தோம். அங்கே எங்கள் ஆச்சி இதே விஷயத்தை இரண்டே சொல்லில் முடித்துவிட்டாள்: "காசுக்கேத்த தோசைலே!"

அணைக்கட்டு, பென்ஷன், பழைய திருநெல்வேலி என்று எழுதிக்கொண்டிருந்தவன் திடீரென்று ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேனே என்று நண்பர்கள் நினைக்கலாம். காரணம் இரண்டு. ஒன்று, என் தங்கை மகன். இரண்டு, எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் 2001-ஆம் வருஷத்து மாருதி ஜென்.

தங்கை மகன் பெங்களூரில் நல்ல வேலையில் இருக்கிறான். சிறு வயதிலிருந்தே கார்ப் பைத்தியம். போன மாதம் சிநேகிதன் ஒருவனின் ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துக்கொண்டு பாளையங்கோட்டைக்கு வந்திருந்தான். வெளிநாட்டு வண்டி, பெயர் வேண்டாம். இரண்டே இருக்கை. ரோட்டுக்கு வரும்போது விலை ஒரு கோடியை நெருங்குமாம். அதே மாதிரி ஒன்று வாங்கலாமா என்று அவனுக்கு யோசனை. சேர்த்து வைத்த பணம் முழுக்க அதில் போய்விடும், மேற்கொண்டு கடனும் வாங்க வேண்டும். தங்கை எனக்குத் தனியாகப் போன் போட்டு, "அண்ணா, நீங்க சொன்னா கேப்பான்" என்று சொல்லியிருந்தாள்.

"மாமா, நீங்களும் ஓட்டிப் பாருங்க, அப்புறம் சொல்லுங்க" என்றான் அவன். விடிகாலையில் பேட்டை தாண்டி, சேரன்மகாதேவி வரை ஓட்டிப் பார்த்தேன். வேகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பிரேக் அற்புதம். வளைவில் நினைத்த இடத்தில் போய் நிற்கிறது. ஆனால் ஸ்டீரிங் மட்டும் வாய் திறக்கவே இல்லை. ரோட்டில் ஒட்டுப் போட்ட இடம், மணல் படிந்த ஓரம், வாய்க்கால் பாலத்து மேடு எல்லாம் இருக்கைக்குத் தெரிந்தது, கைக்குத் தெரியவில்லை. "ஸ்போர்ட் மோடு போடுதேன் மாமா" என்று ஒரு பொத்தானை அழுத்தினான். ஸ்டீரிங் கனத்தது, அவ்வளவுதான். கனம் வேறு, பேச்சு வேறு.

பிரெஞ்சில் காரைப் பற்றி எழுதுகிறவர்கள் இதற்கென்று ஒரு பிரயோகம் வைத்திருக்கிறார்கள். 'ரெமோந்தே தேன்ஃபொர்மசியோன்', அதாவது தகவல் மேலேறி வருவது. ரோட்டிலிருந்து டயருக்கு, டயரிலிருந்து ரேக்குக்கு, அங்கிருந்து தண்டு வழியாக உள்ளங்கைக்கு வரும் செய்தி. நம்மூரில் வண்டியடித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மூக்கணாங்கயிற்றைப் பிடித்திருக்கிறவனுக்கு மாடு மிரளப் போவது அது மிரளுவதற்கு முன்பே தெரியும்.

காரில் இது எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்கிறேன். சைக்கிளில் கையை விட்டுவிட்டு ஓட்டினாலும் முன்சக்கரம் தானாக நேரே நிற்கப் பார்க்கும் அல்லவா? காரின் முன்சக்கரமும் அப்படித்தான். வளைவில் திருப்பும்போது டயர் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு, திரும்பி நேராக வரத் துடிக்கும். அந்தத் துடிப்பைத்தான் நம் கை 'கனம்' என்று உணர்கிறது. வேகம் கூடக் கூட, வளைவு இறுக இறுகக் கனம் ஏறும். ஆனால் டயரின் பிடி முடியப் போகிற கட்டத்தில் ஒரு விசேஷம் நடக்கும். பிடி முழுதும் போவதற்குச் சற்று முன்பே அந்தத் துடிப்பு குறைய ஆரம்பித்துவிடும். ஸ்டீரிங் திடீரென்று லேசாகும். "போதும், காலை எடு" என்று வண்டி சொல்லும் இடம் அது. ஓட்டத் தெரிந்தவர்கள் ஸ்டீரிங்கைக் கொண்டாடுவது இந்த ஒரு எச்சரிக்கைக்காகத்தான்.

பழைய கார்களில் கைக்கும் சக்கரத்துக்கும் நடுவே இரும்பு மட்டுமே. பிறகு எண்ணெய் அழுத்தத்தில் உதவும் பவர் ஸ்டீரிங் வந்தது. அதில் பம்ப் எந்நேரமும் எஞ்சினோடு சுற்றிக்கொண்டே இருக்கும். பெட்ரோலைக் கொஞ்சம் தின்னும். மூன்றாவதாக மின் மோட்டார். 1988-ல் ஜப்பானில் சுசுகி செர்வோ என்ற சின்னஞ்சிறு காரில்தான் இது முதலில் வந்தது. தண்டில் ஒரு மெல்லிய முறுக்குக் கம்பி இருக்கும். நாம் திருப்பும்போது அது எவ்வளவு முறுக்குகிறது என்று ஒரு சென்சார் அளக்கும். கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு மோட்டாருக்கு உத்தரவு போடும். திருப்பும்போது மட்டும் கரண்ட், அதனால் பெட்ரோல் மிச்சம். தானாகப் பார்க்கிங் செய்வது, கோட்டுக்குள் வண்டியை வைத்திருப்பது போன்ற வேலைகளுக்கும் இந்த மோட்டார் தேவை. எனவே பெரும்பாலான கம்பெனிகள் இதற்கு மாறிவிட்டன. போர்ஷே 911 கூட 2011-ல் வந்த தலைமுறையில் மாறியது. அப்போது அந்தக் காரின் பக்தர்கள் போட்ட சண்டை கொஞ்சமல்ல.

கீழிருந்து வரும் நுண்ணிய நடுக்கம், மோட்டாரையும் அதன் பல்சக்கரத்தையும் தாண்டி வருவதற்குள் பாதி செத்துவிடுகிறது. மீதியைக் கம்ப்யூட்டர் 'இது இரைச்சல்' என்று வடிகட்டிவிடுகிறது. எங்கள் ஆபீஸில் கீழ்மட்டத்திலிருந்து வரும் குறிப்புகள் மேலே போகப் போக இளைத்துப் போகுமே, அந்த மாதிரி.

மின் ஸ்டீரிங் என்றாலே மோசம் என்று நான் சொல்லவில்லை. மாஸ்டா எம்எக்ஸ்-5 என்று ஒரு ஜப்பானிய இருவர் கார், இந்தியாவில் விற்பதில்லை. அதிலும் இப்போது மின் ஸ்டீரிங்தான். ஆனால் எடை ஒரு டன்னுக்குச் சற்றே மேல், டயரும் அகலமில்லை. வண்டி லேசாக இருந்தால் மோட்டார் அதிகம் உதவ வேண்டியதில்லை. உதவி குறைந்தால் பேச்சு கேட்கும். இன்று நம் ஊருக்கு இறக்குமதியாகும் பெரும்பாலான ஸ்போர்ட்ஸ் கார்கள் ஒன்றரை டன்னுக்கு மேல். டயர் ஒவ்வொன்றும் ஆட்டுக்கல் அகலம். உதவி இல்லாமல் அதைத் திருப்ப ஒரு பயில்வான் வேண்டும்.

விலையைக் கேட்டால் ஆச்சியின் தோசைக் கணக்கு இன்னும் மோசம். முழுக் காராக இறக்குமதியாகும் வண்டிக்கு, விலை 40,000 டாலருக்கு மேல் இருந்தால் 100 சதவீதம் சுங்க வரி என்பதுதான் பல வருஷம் வழக்கமாக இருந்தது. அதன் மேல் ஜிஎஸ்டி, அதன் மேல் சாலை வரி. அங்கே ஒரு நடுத்தரக் குடும்பத்துப் பையன் ஆசைக்கு வாங்கும் வண்டி, இங்கே வந்து சேரும்போது பண்ணையார் வண்டியாகிவிடுகிறது. ஒரு கோடியில் பாதிக்கு மேல் வரிக்குத்தான் போகிறது. வரி கட்டுவதில் தப்பில்லை, நானும் அரசாங்கச் சம்பளம் வாங்கியவன்தான். ஆனால் அந்தப் பணத்துக்கு ஸ்டீரிங்கில் ஒன்றும் கிடைக்கவில்லை என்பதைச் சொல்லத்தானே வேண்டும்.

இதில் வேடிக்கை, நல்ல ஸ்டீரிங்கை நம்மூர் ஆட்கள் மலிவாகவே அனுபவித்திருக்கிறார்கள். சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1960-களில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு நினைவிருக்கிறதா? பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் பக்கத்து டாக்டர் ஒருவர் அதை வைத்திருந்தார். பானட்டை முன்பக்கமாக அப்படியே கவிழ்த்துத் திறக்கலாம். எஞ்சினோடு முன்சக்கரங்களும் வெளியே தெரியும். ஹெரால்டின் ஸ்டீரிங் ரேக் அண்ட் பினியன் வகை. சுமார் 25 அடி வட்டத்துக்குள் முழுசாகத் திரும்பிவிடும். தெற்கு ரத வீதியில் மற்றவர்கள் முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டிருக்கையில் டாக்டர் ஒரே வீச்சில் திருப்பிக்கொண்டு போவார். இங்கிலாந்தில் இதே ஹெரால்டின் சட்டத்தை நீளம் குறைத்து 1962-ல் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். அதாவது நம் டாக்டர் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தது ஸ்போர்ட்ஸ் காரின் அக்காள் வண்டியில்!

அதற்கு நேர்மாறு எங்கள் பொதுப்பணித்துறை ஜீப். 1974-ல் நான் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தபோது, அணைக்கட்டுகளுக்குப் பில் சரிபார்க்க அதில்தான் போவோம். ஸ்டீரிங்கில் கால் வட்டம் ஆட்டம். டிரைவர் அண்ணாச்சி நேர் ரோட்டிலும் தயிர் கடைகிற மாதிரி இரு பக்கமும் ஆட்டிக்கொண்டே வருவார். ஜீப் சொல்ல வருவது அவருக்கு ரொம்பத் தாமதமாகத்தான் போய்ச் சேரும். ஆனால் அதே பயணங்களில் வேறொன்றைப் பார்த்தேன். கன்னடியன் கால்வாய்த் தலைமதகில் லஸ்கர் ஒருவர் ஷட்டரைத் திருகும்போது கண்ணை மூடிக்கொள்வார். "தண்ணி எம்புட்டு முட்டுதுன்னு கை சொல்லும் சார், பாத்தா தெரியாது" என்பார். அளவுகோலில் பார்த்து எழுதுவது எங்கள் வேலை. அவர் கை சொன்னது பெரும்பாலும் அளவுகோலோடு ஒத்துப் போகும்.

கோயம்புத்தூர்க்காரர் கரிவரதன் செய்ததையும் சொல்ல வேண்டும். 1980-களின் கடைசியில் மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைச் செய்தார். ஃபார்முலா மாருதி என்று பெயர். எஞ்சின் சின்னது, வண்டி பஞ்சு மாதிரி, பவர் ஸ்டீரிங் என்ற பேச்சே இல்லை. பந்தயம் என்றால் ராஜாக்களும் மில் முதலாளிகளும்தான் என்ற நிலையை அந்தக் கார் மாற்றியது. 2005-ல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் நாராயண் கார்த்திகேயன் ஆரம்பத்தில் ஓட்டியது இந்த வகை வண்டியைத்தான். கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் இறந்துபோனார். செட்டிபாளையத்தில் அவர் பெயரில் பந்தயத் தளம் இருக்கிறது. பணத்துக்கு ஏற்ற ஸ்போர்ட்ஸ் கார் என்று இந்தியாவில் யாராவது உண்மையிலேயே செய்திருந்தால் அது அவர்தான் என்பது என் அபிப்பிராயம். தெரு வண்டிகளில் கேட்டால், மறைமலை நகரில் செய்த ஃபோர்டு ஃபியஸ்டா 1.6-ஐச் சொல்வேன். எண்ணெய் அழுத்த ஸ்டீரிங். விஷயம் தெரிந்த பையன்கள் இன்றும் பழையதைத் தேடி வாங்குகிறார்கள்.

இதையெல்லாம் மருமகனிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்ப வாங்க வேண்டாம்ங்கிறீங்களா?" என்றான்.

"வாங்காதேன்னு சொல்லல. என்னத்துக்கு வாங்குதேன்னு தெரிஞ்சிக்கிட்டு வாங்கு. நாலு பேரு திரும்பிப் பாக்கணும்னா இது நல்ல வண்டி. ஓட்டுற சொகம் வேணும்னா, மொதல்ல கோயம்புத்தூருக்குப் போயி ரேஸ் பயிற்சி ஒண்ணு எடுத்துப் பாரு. ஒரு கோடில ஒரு துளிதான் ஆகும். அங்க கை என்ன கேக்குதுன்னு தெரிஞ்சுட்டு அப்புறம் முடிவு பண்ணு" என்றேன்.

அவன் வாதாடாமல் இல்லை. "மாமா, இதுல இருக்கிற கம்ப்யூட்டர் வண்டி வழுக்கினா ஒவ்வொரு சக்கரமா பிரேக் பிடிச்சு நேராக்கிரும். ஸ்டீரிங் சொல்லி நீங்க கேக்கணும்னு அவசியமே இல்ல" என்றான். நியாயமான வாதம். இதற்குப் பதில் சொல்லும் முன் என் ஜென்னைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அதை 2004-ல் செகண்ட் ஹாண்டில் வாங்கினேன். பவர் ஸ்டீரிங் இல்லாத மாடல். 993 சிசி எஞ்சின், 800 கிலோவுக்குள் எடை. இந்தக் காரைத்தான் மாருதி ஆல்டோ என்ற பெயரில் ஐரோப்பாவுக்கும் ஏற்றுமதி செய்தது. நிற்கும்போது திருப்ப வலு வேண்டும்; இருபது கிலோமீட்டர் வேகம் வந்துவிட்டால் வெண்ணெய்.

சில வருஷங்களுக்கு முன் ஐப்பசி மழையில் ஒரு இரவு. வீட்டுக்காரிக்கு வயிற்று வலி. அம்பாசமுத்திரத்தில் உறவுக்கார வீட்டிலிருந்து திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வருகிறேன். வீரவநல்லூர் தாண்டி இருட்டில், வயல் தண்ணீர் ரோட்டின் மேல் ஒரு விரல் உயரத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. கண்ணுக்கு அது ஈர ரோடு மாதிரிதான் தெரிந்தது. கைக்குத்தான் முதலில் தெரிந்தது: ஸ்டீரிங் சட்டென்று காற்றில் பிடித்த மாதிரி லேசாகிவிட்டது. டயர் தண்ணீரின் மேல் ஏறிவிட்டது என்று அர்த்தம். பிரேக்கைத் தொடாமல், ஸ்டீரிங்கை அசைக்காமல், காலை மட்டும் எடுத்தேன். இரண்டு மூன்று நொடியில் கனம் திரும்பி வந்தது. இடது பக்கம் கால்வாய். பின் இருக்கையில் படுத்திருந்த அவளுக்கு ஒன்றும் தெரியாது. "என்ன, மெதுவாப் போறீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

ஆகவே ஸ்டீரிங் பேசுவது ஆடம்பரம் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மருமகன் சொன்ன கம்ப்யூட்டர் நல்ல காவல்காரன்தான். ஆனால் டயர் தண்ணீரில் மிதக்கும்போது அது எந்தச் சக்கரத்தைப் பிடித்தாலும் ரோடு கிடைக்காது. அந்த இடத்தில் முன்கூட்டியே காலை எடுப்பது ஒன்றுதான் வழி. அதற்குச் செய்தி வந்து சேர வேண்டும்.

இப்போது ஜென்னுக்கு 25 வயது முடிகிறது. 15 வருஷம் முடிந்ததும் ஒரு தடவை, அப்புறம் ஐந்து வருஷம் கழித்து ஒரு தடவை ஆர்.சி. புதுப்பித்தாகிவிட்டது. இந்த மார்ச்சில் மறுபடியும். 20 வருஷத்துக்கு மேற்பட்ட காருக்கு மத்திய அரசு 2025 ஆகஸ்டில் கட்டணத்தை 10,000 ரூபாயாக்கிவிட்டது. பசுமை வரி, டிங்கரிங், பெயிண்ட் எல்லாம் தனி. எனக்கு 73 வயது. வலது தோள்பட்டை இறுகிக் கிடக்கிறது. நிறுத்துமிடத்தில் ஜென்னைத் திருப்பினால் அன்று இரவு தைலம்தான். மகள் ஒவ்வொரு ஞாயிறும் போனில், "அப்பா, அந்த வண்டில ஏர்பேக்கே கிடையாது" என்கிறாள்.

வண்ணார்பேட்டைப் பக்கத்து ஷோரூம்களில் மூன்று சிறிய கார்களை ஓட்டிப் பார்த்தேன். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்ததில் விலையும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. மூன்றிலும் மின் ஸ்டீரிங்தான். ஆனால் மூன்றும் ஒரே மாதிரி இல்லை. நம் வயதுக்காரர்கள் யாராவது வாங்கப் போனால் உதவுமே என்று நான் பார்த்த முறையைச் சொல்கிறேன்.

ஷோரூம் பையன் கூட்டிப் போகும் பைபாஸோடு திரும்பிவிடாதீர்கள். காலி ரோட்டில் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு திருப்பத்தில் பிடியைத் தளர்த்திப் பாருங்கள். ஸ்டீரிங் தானாக, தயங்காமல் நடுவுக்கு வர வேண்டும். நாம் இழுத்து வர வேண்டியிருந்தால் வேண்டாம். அறுபதில் நேரே போகும்போது விரலால் மட்டும் பிடித்துப் பாருங்கள். நடுவில் தொளதொள என்று செத்த இடம் இருக்கக் கூடாது. ஒரு சக்கரத்தை மட்டும் ஓரத்து மண்ணில் இறக்கி மெதுவாக ஓட்டுங்கள். தாரும் மண்ணும் கைக்கு வித்தியாசமாகத் தெரிந்தால் நல்ல ஸ்டீரிங். கடைசியாக, நிற்கும்போது முழு வட்டம் திருப்பித் தோளைக் கேளுங்கள். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் டயரில் காற்றும் அலைன்மென்ட்டும் டை ராடு மூட்டும் பார்த்துவிட்டு அப்புறம் ஸ்டீரிங்கைக் குறை சொல்லலாம்.

மூன்றில் ஒன்று இந்தப் பரீட்சையில் தேறியது. ஜென் மாதிரி விஸ்தாரமாகப் பேசாது. கேட்டால் பதில் சொல்லும். ஆறு ஏர்பேக். மருமகன் பார்த்த வண்டியின் விலையில் இந்த மாதிரி பத்து வாங்கலாம்.

ஆர்.சி.யை இந்த முறை புதுப்பிப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். ஸ்டீரிங் சொல்வது ஓட்டுகிறவனுக்கு மட்டும்தான் கேட்கும். பக்கத்து இருக்கையில் நாற்பத்தாறு வருஷமாக உட்கார்ந்து வருகிறவளுக்கு அதனால் நேரடியாக ஒன்றும் இல்லை. அவளுக்கும் ஏதாவது இருக்கிற வண்டி வேண்டும். மழை இரவில் இனி வேகத்தை நானே பத்து கிலோமீட்டர் குறைத்துக்கொள்கிறேன். மகளிடமும் அப்படியே வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

மருமகன் சித்திரையில் கோயம்புத்தூர்ப் பயிற்சிக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறான். தங்கைக்குப் பாதி நிம்மதி.

திருநெல்வேலி, பாளையங்கோட்டை வட்டாரத்தில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஓட்டியவர்கள், அல்லது அதில் போய் வந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் இரண்டு வரி எழுதுங்கள். டாக்டர் வண்டி தவிர டவுனில் இன்னும் ஒரு பச்சை நிற ஹெரால்டு ஓடியதாக நினைவு. அது யார் வீட்டு வண்டி என்று தெரிந்துகொள்ள ஆசை.